மிச்சம் எவ்வளவு?

சென்ற மாதம் என் நண்பர் ஒருவரின் மகன் புது மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினான். புதிதாக எது வாங்கினாலும் பெரியவர்களிடம் காட்டிவிட்டுப் போகும் நல்ல வழக்கம் அந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சக்கரங்களில் இன்னும் ஈரம் காயவில்லை. நானும் வெளியே வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, "பேஷ்!" என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்வதற்கு எனக்கு அந்த வண்டியில் ஒன்றும் விளங்கவில்லை.

"இங்க பாருங்க மாமா. பெட்ரோல் எவ்வளவு இருக்குங்கறது மட்டும் இல்ல, அதுல இன்னும் எவ்வளவு தூரம் போகலாம்னும் இதுவே சொல்லிடும். இப்ப 286 கிலோமீட்டர்."

அவன் காட்டிய இடத்தில் கண்ணாடிக்குள் 286 என்ற எண் ஒளிர்ந்தது. என் கை என்னையறியாமல் வண்டியின் தொட்டிக்குக் கீழே போய்த் துழாவியது.

"என்ன தேடறீங்க மாமா?"

"பெட்ரோல் காக் எங்கேப்பா?"

"அப்படின்னா?"

செல்லாத நாணயத்தைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு விழிக்கிறவனைப் போல நான் நின்றேன். என் வயது இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. அதற்குள் என் கைக்குத் தெரிந்த ஒரு விஷயம் உலகத்திலிருந்து மறைந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு, நம் நாட்டுப் புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், எரிபொருளைப் பம்பு வைத்துப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. பம்பு தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் பழைய காக்குக்கு வேலையில்லை. காக் போனதோடு ஒரு கேள்வியும் போய்விட்டது. முள் இல்லாத வண்டியில் பெட்ரோல் எப்போது போடுவது?

கேள்வி மிகச் சிறியது. ஆனால் சிறிய கேள்விகளுக்குள்தான் பெரிய கேள்விகள் குடித்தனம் செய்கின்றன என்பது என் அபிப்பிராயம். அதனால் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள்.

என் தகப்பனார் வைத்திருந்தது ஒரு பழைய புல்லட். 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியதே, அந்த ஜாதி வண்டி. அதில் வேகம் காட்டும் முள் உண்டு. ஓடிய தூரம் காட்டும் எண்கள் உண்டு. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி மட்டும் கிடையாது. தொட்டியின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதுதான் காக். அதற்கு மூன்று நிலைகள்: திறப்பு, மூடல், ரிசர்வ்.

ரிசர்வ் என்றவுடன் தனியாக ஓர் அறை இருக்கிறது, அதில் ஆபத்துக்கு என்று கொஞ்சம் பெட்ரோலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மை அதுவல்ல. காக்கிலிருந்து தொட்டிக்குள்ளே இரண்டு குழாய்கள் போகின்றன. ஒன்று உயரமாக நிற்கும். மற்றொன்று தொட்டியின் அடியோடு அடியாக இருக்கும். சாதாரணமாக ஓடும்போது உயரக் குழாயின் வழியாகப் பெட்ரோல் இறங்குகிறது. மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். வண்டி இருமும், திக்கும், தயங்கும். உடனே இடது கையை விட்டுக் காக்கைத் திருப்பினால், அடிக் குழாய் வழியாக மிச்சம் வர ஆரம்பிக்கும். வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டென்றாலும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர். அதற்குள் ஒரு பங்க்கைப் பிடித்துவிட வேண்டும்.

ஆக, ரிசர்வ் என்று தனிச் செல்வம் ஏதும் இல்லை. அதே தொட்டி, அதே பெட்ரோல். "இதற்குக் கீழே போனால் எனக்குச் சொல்" என்று நாம் போட்டு வைத்த ஒரு கோடு, அவ்வளவுதான்.

அந்த இருமலுக்கு முன்பே நிலவரத்தைத் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிச் சலசலப்பைக் கேட்பார்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். தொட்டியைச் சுண்டிப் பார்த்து, எந்த இடத்தில் ஓசை மாறுகிறது என்று ஆராய்கிற சங்கீத ஞானிகளும் உண்டு. இருட்டில் சரியாகத் தெரியவில்லையே என்று தீக்குச்சியைக் கிழிக்கப் போன ஒருவரை அப்பா கையைப் பிடித்துத் தடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் வழி வேறு. சட்டைப் பையில் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார். பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர், கொடுத்த பணம் நான்கையும் குறித்துக்கொள்வார். லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்பது அவர் கண்ட கணக்கு. "தொட்டியில என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுடா. ஆனா, செலவழிச்சது என்னன்னு தெரியும். அது போதும், கழிச்சுப் பாத்துக்கலாம்" என்பார்.

முள் இருக்கிற வண்டியில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்பீர்கள். முள்ளும் சத்தியசந்தன் அல்ல. தொட்டிக்குள் மிதக்கும் ஒரு மிதவைதான் அதை ஆட்டுகிறது. மேட்டில் ஏறினால் ஒன்று காட்டும். பள்ளத்தில் இறங்கினால் வேறொன்று காட்டும். சாய்த்து நிறுத்தினால் இன்னொன்று சொல்லும். முள் இருந்தும் நடுவழியில் நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு மிச்சம் தெரியாமல் இல்லை. சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினார்கள். அதனால் மிச்சத்தை அறிவது ஒன்று, எப்போது நிரப்ப வேண்டும் என்று அறிவது வேறொன்று என்று சொல்லத் தோன்றுகிறது.

இதெல்லாம் வண்டிச் சமாசாரம், இதில் நியாய அநியாயம் எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? எனக்கு அது 1996-ஆம் வருஷம், ஓர் இரவில் வந்தது.

அப்பா கால்நடை மருத்துவர். காவிரிக் கரையில், திருவையாற்றுப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நாங்கள் இருந்தோம். சுற்றுவட்டார ஜனங்களுக்கு அவர் "மாட்டு டாக்டரய்யா". எந்த நேரத்தில் எந்தக் கொட்டகையிலிருந்து அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. ஆகையால் புல்லட் எங்கள் வீட்டில் வாகனம் மட்டுமல்ல. அது அவருடைய மருந்துப் பெட்டியைப் போல ஒரு கருவி. என்னை அதைத் தொடவிடமாட்டார். ஆனால் சாவி எங்கே தொங்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஏதோ பயிற்சிக்கென்று அப்பா நாலு நாள் சென்னைக்கு ரயிலில் போனார். நான் கல்லூரியில் முதல் வருஷம். பதினெட்டு வயதுக்குரிய புத்தியோடு, ஒரு சிநேகிதனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சினிமா பார்க்கத் திருச்சிக்குப் போனேன். போக 60 கிலோமீட்டர், வர 60. அம்மாவிடம் சொன்ன பொய்யை இங்கே எழுத வேண்டியதில்லை. திரும்பும்போது கல்லணையைத் தாண்டியதும் வண்டி இருமியது. காக்கை ரிசர்வுக்குத் திருப்பினேன். வண்டி சமாளித்துக்கொண்டு ஓடியது. கையில் இருந்த காசு சினிமாவுக்கும் பரோட்டாவுக்கும் போய்விட்டது. நாளைக்கு எப்படியாவது பணம் புரட்டிப் பெட்ரோல் போட்டுவிடலாம் என்று, வண்டியைத் துடைத்துக் கொட்டகையில் நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் அப்பா வந்துவிட்டார். பயணக் களைப்பு. அன்று வண்டியை எடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். பசு ஒன்று கன்று போட முடியாமல் சாயங்காலத்திலிருந்து தவிக்கிறது. தண்ணீர்க் குடம் உடைந்து நெடுநேரமாகிவிட்டது. காலும் தலையும் வரும் முறையில் வரவில்லை. அப்பா இரண்டு கேள்விகள் கேட்டார். உடனே பையை எடுத்தார். "டார்ச்சைப் பிடிக்க ஆள் வேணும். நீயும் வாடா" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன்.

வாசகர்களே, என் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அதுதான். அப்பா கிக்கரை உதைக்கிறார். நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். காக் எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். நிரப்பி 320 கிலோமீட்டர் ஆயிற்று, ரிசர்வ் விழவே இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் என்னுடைய 120 இல்லை. நான் அப்போது சொல்லியிருந்தால் ஒரு திட்டு விழுந்திருக்கும். பக்கத்து வீட்டு மொபெட்டிலிருந்து ஒரு லிட்டர் இறக்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் புறப்பட்டிருப்போம். ஊரில் இருந்த ஒரே பங்க்கை ஒன்பது மணிக்கே மூடிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்திருந்தும் எனக்குள் நான் சொல்லிக்கொண்ட வார்த்தை ஒன்றே ஒன்று. "போதும்."

எட்டாவது கிலோமீட்டரில் வண்டி திக்கியது. இரண்டு பக்கமும் வயல். அப்பா பழகிய கையோடு காக்கைத் தேடினார். அந்தக் கை அதைத் தொட்டது, அங்கேயே நின்றது. அது ஏற்கெனவே திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் உருண்டு வண்டி அடங்கிற்று. தவளைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"எப்ப திருப்பின?"

"நேத்து... கல்லணைகிட்ட."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டி நடுச்சட்டத்தின் மேல் சேணம் மாதிரி கவிழ்ந்திருப்பதால், காக் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தங்கியிருக்கும். வண்டியை நன்றாகச் சாய்த்து அதை இந்தப் பக்கம் புரட்டிவிட்டு, மீண்டும் உதைத்தார். அரைக் கிலோமீட்டர் போயிற்று. அதற்குப் பிறகு சாய்ப்பதற்கும் ஒன்றுமில்லை. "நீ வண்டியைத் தள்ளிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நடந்தார் என்பது சரியல்ல. ஐம்பது வயது மனிதர், அந்தக் குண்டும் குழியுமான சாலையில் ஓடினார்.

160 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பசு பிழைத்தது. கன்று இறந்துவிட்டது. தலை பின்னால் மடங்கியிருந்ததாம். சரிசெய்து வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. கிடாரிக் கன்று. வைக்கோலின் மேல் ஈரமாகக் கிடந்தது. தாய்ப்பசு அதை நக்கிக்கொண்டிருந்தது.

பசுவுக்குச் சொந்தக்காரி புருஷனை இழந்த ஓர் அம்மாள். அந்தப் பசுவின் பாலில்தான் குடும்பம் நடந்தது. அவளுக்கு அந்தக் கிடாரி இரண்டு மூன்று வருஷம் கழித்து வரப்போகிற இன்னொரு பசு. அப்பா அவளிடம், "வழியில வண்டி நின்னுபோச்சும்மா" என்று மட்டும் சொன்னார். வண்டி ஏன் நின்றது என்று சொல்லவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்.

"ஐயோ, தம்பி எப்படி வேர்த்துக் கொட்டி நிக்குது பாரு. அவ்வளவு பெரிய வண்டியத் தள்ளிக்கிட்டு வந்திருக்கே புள்ள!" என்று சொல்லி உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குடித்தேன். அதை மறுக்கும் தைரியமும் எனக்கு இல்லை. உண்மையைச் சொல்லும் தைரியமும் இல்லை.

விடிந்து வீடு திரும்பும்போது, "முன்னாடியே போயிருந்தா கன்னு பிழைச்சிருக்குமாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அப்பா யோசித்தார். "சொல்ல முடியாதுடா. நாம புறப்படறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். அரைமணி முன்னாடி போயிருந்தா பிழைச்சும் இருக்கலாம்" என்றார். ஒரு மருத்துவருக்குரிய நேர்மையோடு அவர் சொன்ன அந்தப் பதில் எனக்குத் தண்டனையாகவும் அமையவில்லை, மன்னிப்பாகவும் அமையவில்லை. அதனால்தான் அது இன்னும் என்னோடு இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தெரியாமை என்று நாம் சொல்வதில் மூன்று ரகம் உண்டு. அறிய வழியே இல்லாதது ஒன்று. அந்தக் கன்று எத்தனை மணிக்கு இறந்தது என்பது அந்த ரகம். அறிய வழி இருந்தும் அக்கறை இல்லாமல் விட்டுவிடுவது இரண்டாவது. மூன்றாவது, தெரிந்திருந்தும் தெரியாததுபோல் நமக்கு நாமே நடிப்பது. உலகத்தில் பெரும்பாலான தீங்குகள் மூன்றாவது ரகத்தில் செய்யப்பட்டு, முதலாவது ரகம் என்று கணக்கெழுதப்படுகின்றன. "யாருக்குத் தெரியும், சார்!" என்று நாம் கையை விரிக்கும்போது, அந்த விரித்த கையில் ஒரு காக் திருகிய அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"போதும்" என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். வயிறு நிறைந்தவன் இலையை மறித்து "போதும்" என்கிறான். அது அறிந்து சொன்ன போதும். பையில் இருப்பதை எண்ணாமல் கடைத்தெருவுக்குப் புறப்படுகிறவனும் "போதும்" என்கிறான். அது ஆசைப்பட்டுச் சொன்ன போதும். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது. எது எது என்று பிரித்துக்கொள்ளும் பொறுப்பை நம்மிடம் விட்டுவிட்டது.

அப்படியானால், எப்போதும் தொட்டியை ரொப்பி வைத்துக்கொண்டிருப்பவனே தர்மவானா? அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் உறவினர் ஒருவர் அப்படி இருந்தார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் அந்த வண்டி யாருக்காகவும் எங்கும் போனதில்லை. பெட்ரோல் குறைந்துவிடுமே என்று கல்யாணத்துக்கும் போகமாட்டார், காரியத்துக்கும் போகமாட்டார். அவருடைய தொட்டி கடைசிவரை நிறைந்தே இருந்தது. செலவழிக்கவே பயப்படுகிற நிறைவு ஒரு நோய். என் பதினெட்டாவது வயதின் அலட்சியத்தைவிட அது உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

அப்பா அந்த இரவுக்குப் பிறகு ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டார். தொட்டி பாதிக்கு வந்தாலே நிரப்பினார். நான் ஒரு நாள், "என் மேல நம்பிக்கை இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "அதுக்கில்லடா. மாடு நம்ம தொட்டியைப் பாத்துட்டா கன்னு போடுது?" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதில் இருந்தது. எனக்குப் புரிய வருஷங்கள் பிடித்தன. எப்போது நிரப்புவது என்பதைத் தொட்டியில் இருக்கும் மிச்சம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சாலையின் அந்த முனையில் யார் காத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. தனியாக ஊர் சுற்றுகிறவன் ரிசர்வ் விழும்வரை ஓட்டட்டும், நின்றால் தள்ளட்டும், அது அவன் சுதந்திரம். பிறர் நம்பியிருக்கிறவனுக்குக் கோடு கொஞ்சம் மேலே இருக்கிறது.

ஆனால் இவ்வளவு தெரிந்த அப்பாவும் ஓரிடத்தில் தவறினார். நானும் அவரோடு சேர்ந்துதான் தவறினேன்.

2009-ல் ஒரு நாள் அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் ஆறு கிராம் என்றார்கள். பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பாதிதான் இருந்தது. "இது ஒரு நாளில் வந்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது உடம்பு அதற்கேற்றபடி ஈடுகொடுத்துக்கொண்டே வரும். அதனால் வெளியே தெரியாது" என்றார் டாக்டர். எத்தனை நாளாகக் களைப்பு என்று கேட்டதற்கு, "களைப்பு எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று அம்மா பதில் சொன்னாள்.

அப்பா அன்று மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது. அதை எடுத்தார்; பார்த்தார்; மறுபடி வைத்துக்கொண்டார். "வண்டிக்கு முப்பது வருஷமா கணக்கு எழுதியிருக்கேண்டா" என்றார். மேலே பேசவில்லை. ஊர்ப் பசுக்களின் கண்ணிமையைத் தாழ்த்தி நிறம் பார்த்தே சோகை சொல்லத் தெரிந்த மனிதர் அவர்.

வண்டி இருமுகிறது. அதைச் செய்தவன் எவனோ நல்லவன். முழுதும் தீர்வதற்கு முன்னால் அது ஒரு தடவை திக்க வேண்டும் என்று உயரக் குழாய் ஒன்றை வைத்தான். மனிதர்களில் சிலருக்கு அந்த உயரக் குழாய் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் முணுமுணுப்பார்கள். வீடு முழுதும் தெரிந்துவிடும். நாம் ஓடிப்போய்க் கவனிப்போம். வேறு சிலர் இருக்கிறார்கள். காக் எப்போதோ ரிசர்வுக்குத் திரும்பிவிட்டது, திருப்பியதே நாம்தான், ஓசை மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் இருமலை எதிர்பார்த்திருப்பது நியாயமாகாது. அப்பாவின் பழைய முறைதான் அங்கே பொருந்தும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. நாம் செலவழித்தது எவ்வளவு என்று தெரியும். கழித்துப் பார்க்கலாம்.

அம்மா தேறிவிட்டாள். மாத்திரையும் ஓய்வும் கிடைத்தன. அதைவிட, களைப்பாக இருக்கிறது என்று சொல்வதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். அவள் அதைச் சொல்லும்போது ஏதோ குற்றம் ஒப்புக்கொள்வதுபோல் சொல்வாள். நாங்கள் அதைக் கேட்கப் பழகுவதற்கும் நாளாயிற்று.

அப்பா காலமான பிறகு அவர் பெட்டியில் அந்த நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. ஏழெட்டு இருக்கும். 1996-ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்து அந்தத் தேதிக்கு மறுநாளைப் பார்த்தேன். எனக்குக் கை நடுங்கியது. அங்கே தேதி, கிலோமீட்டர், லிட்டர், பணம் நான்கும் இருந்தன. வழக்கத்துக்கு அதிகமாக ஓடிய 120 கிலோமீட்டர் அந்த எண்ணுக்குள் அடங்கியிருந்தது. அதற்கு விளக்கம் ஏதும் எழுதவில்லை. என் பெயர் இல்லை. என்னை அவர் கணக்கில் எழுதாமல் விட்டிருந்தார். அதனால் நானே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்தக் கட்டுரை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன் என்பதும், இது தாமதம் என்பதும் எனக்குத் தெரியும்.

நண்பர் மகன் புறப்படும்போது நான் அவனிடம் ஒன்று சொன்னேன்.

"தம்பி, நாளைக்கு உன் தங்கச்சியோ சிநேகிதனோ இந்த வண்டியைக் கேட்டா, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்லிக் கொடு. நீ யார்கிட்டயாவது வாங்கினா, எவ்வளவு செலவழிச்சேன்னு சொல்லித் திருப்பிக் கொடு."

"அதான் இதுலயே காட்டுமே மாமா!" என்றான் அவன்.

உண்மைதான். காட்டும். அவன் வணக்கம் சொல்லி வண்டியைக் கிளப்பினான். 286 என்ற எண் ஒளிர்ந்தபடி தெருமுனை திரும்பியது. நான் உள்ளே வந்தேன். சமையலறையில் என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாலை ஐந்து மணி. காலையிலிருந்து அவள் எத்தனை தடவை உட்கார்ந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுந்திருந்து என்னென்ன செய்தாள் என்பது தெரியும். கழித்துப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.